முட்டுச்சந்தே இல்லாத பேட்டை

உயிரெடுக்க வரும் வானவர்கூட எங்கள் மிகொரோஷினிப் பேட்டைக்குள் நுழைந்துவிட்டால் தௌசி அக்காவிடம் கேட்காமல் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் எங்கள் தகரக் கூரைகளுக்கு நேராக வரும்போது கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, “அக்கா, இந்தச் சந்து எங்க போய் முடியுது?” என்று விசாரித்துவிட்டுத்தான் நகரும். நைல் நதிக்குப் பாதி வழியில் கடல் எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்ததாம்; கையை நீட்டிக் காட்டியவள் அக்காதான். பொய் என்று நினைக்கிறவர்கள் தார் எஸ் சலாமின் தென்மேற்கு ஓரத்தில் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, துணையில்லாமல் எங்கள் பேட்டைக்குள் வந்து, இருட்டுவதற்குள் வெளியே போய்க் காட்டட்டும்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. பொரித்த கானாங்கெளுத்தி மீனை மூடிபோட்ட வாளியில் அடுக்கி, தலையில் வைத்து, வீடு வீடாக விற்பாள். இருபது வருடமாக அதே நடை. கழுத்து அசையாது, இடுப்பு மட்டும் வழியைப் பார்த்துத் திரும்பும். நான் சேஃபு, பதினேழு வயது, அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி என் மாமாவின் போன் சார்ஜ் போடும் கடையில் உட்கார்ந்திருப்பவன். பள்ளிக்கூடமும் நானும் ஒன்பதாம் வகுப்பில் பிரிந்துவிட்டோம்; இரண்டு தரப்பிலும் யாரும் அழவில்லை. ஒருமுறை அவள் வாளிக்குள் உயிருள்ள நண்டு ஒன்றைப் போட்டு வைத்தேன். அலறுவாள் என்று காத்திருந்தேன். அவள் அதை அடுத்த வீட்டில் விற்றுவிட்டு வந்து, “நாளைக்கு ரெண்டாப் போடுடா” என்றாள். அன்றிலிருந்து அவளிடம் என் வித்தைகள் செல்லாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விடவில்லை.

எங்கள் பேட்டையில் எல்லோரும் நிலம் வாங்கினார்கள். தெருவை யாரும் வாங்கவில்லை. தோட்டத்துச் சொந்தக்காரர் ஒருவர் இருபது அடிக்கு இருபது அடியாக நறுக்கி விற்றார். வாங்கியவன் தன் எல்லை வரைக்கும் கட்டினான். அடுத்தவனும் அப்படியே. இடையில் நடந்து போவதற்கென்று மிச்சம் இருந்த இடத்தை அடுத்த வருடம் அவர் தம்பி விற்றார். ஊர் இப்படித்தான் வெளியே வெளியே பரவியது, சிந்திய கஞ்சி மாதிரி.

ஆனால் நடக்க முடியாமல் போனதில்லை. வழி இல்லாத இடத்தில் முற்றம் இருக்கும். முற்றத்து வாசலில் நின்று “ஹோடி” என்று குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து “கரிபு” என்று பதில் வரும். அப்புறம் அடுப்பைத் தாண்டி, துணிக்கொடிக்குக் குனிந்து, கோழிகளைக் கலைத்து, பின்வாசல் வழியாக அடுத்த சந்துக்குப் போய்விடலாம். யாராவது வேண்டாம் என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

தௌசி அக்காவின் வீட்டுக்காரர் கிப்வானா அண்ணன் கொத்தனார். இந்தப் பக்கத்து மதில்களில் பாதிக்கு மேல் அவர் கட்டியவை. சந்துவழியை அடைக்கும் மதில் என்று தெரிந்துதான் கட்டினார்; கூலி கொடுப்பவனிடம் கொத்தனார் அதையா கேட்பான்? மெயின் ரோட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் நிற்கிறதே, உதிரிபாக வியாபாரி சம்புசோவின் மதில், மேலே கண்ணாடிச் சில்லு பதித்தது, அதுவும் அவர் கைவேலைதான். அதைக் கட்டி முடித்த மூன்றாவது மாதம் வேறொரு கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல் போயிற்று. சிறுநீருக்குக் குழாய் போட்டு அனுப்பினார்கள். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிடும் என்றார்கள்.

பஜாஜி ஆட்டோ வரக்கூடிய கடைசி இடம் சம்புசோவின் மதிலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போக ஒரே குறுக்குவழி, மதிலின் ஓரத்தில் விட்டிருக்கும் சின்னக் கதவு. காவல்காரர் நல்லவர். ஹோடி சொன்னால் திறப்பார். ஆள் போகலாம். கயிற்றுக் கட்டில் போகாது.

கடைசியாக அவரைக் கொண்டுபோனது மழைக்காலத்தில். நானும் இன்னும் மூன்று பேரும் கட்டிலைத் தூக்கினோம். கதவில் கட்டிலைச் சாய்த்தோம். அண்ணன் சரிந்தார். குழாய் இழுபட்டு, பை அறுந்து, எல்லாம் அவர் மேலேயே கொட்டியது. அந்தப் பக்கம் சுவரோரமாக நடந்து வந்த ஒரு கிழவர் நாலு பேர் தூக்கி வரும் கட்டிலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, இறந்தவருக்குச் சொல்லும் துஆவை ஓத ஆரம்பித்தார்.

“பெரியவரே, நான் இன்னும் பாதிதான்” என்றார் அண்ணன். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். வீட்டுக்குத் திரும்பியதும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “இனிமே கட்டில்ல தூக்கினா நேரா குழிக்குத்தான். வாசலுக்கு வண்டி வந்தா வரேன். இல்லேன்னா வேணாம்” என்றார்.

அதிலிருந்து குழாயை தௌசி அக்காவே மாற்றினாள். ஒரு நர்ஸிடம் நாலு மீன் கொடுத்துக் கற்றுக்கொண்டு வந்தாள். மீன் வெட்டுகிற கை, நடுக்கம் இல்லாத கை. ஆனாலும் மூன்று முறை காய்ச்சல் வந்தது. நாலாவது காய்ச்சல் போகாமல் தங்கிவிட்டது.

இப்படியிருக்கும்போதுதான் நகரத்திலிருந்து அக்ரிப்பினா என்ற பெண் வந்தாள். இருபத்தாறு வயது, முதுகில் பை, பெரிய பூட்ஸ். ஊர் எப்படிப் பரவியிருக்கிறது என்று அளக்கும் வேலை. தெருக்கள் ஒன்றோடு ஒன்று எவ்வளவு சேர்கின்றன என்று எண்ணினாலே அது தெரிந்துவிடுமாம். நாற்சந்தி எத்தனை, முச்சந்தி எத்தனை, முட்டுச்சந்து எத்தனை. அந்தக் கணக்கை வைத்துத்தான் எந்தப் பேட்டைக்குப் புதுச் சாலை திறப்பது என்று முடிவு செய்வார்கள். எந்தக் கணக்குக்குச் சாலை என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால் ஆட்கள் ஏமாற்றுவார்களாம். புத்திசாலிப் பெண்.

சந்துகள் தெரிந்த ஆள் வேண்டும் என்றதும் பேட்டைத் தலைவர் யோசிக்கவேயில்லை. தௌசி அக்கா நடக்க, நான் போனில் குறிக்க.

“சுலபம்தான்” என்று அக்ரிப்பினா சொல்லிக்கொடுத்தாள். “ஒவ்வொரு சந்திப்புலயும் நில்லுங்க. அங்கேருந்து எத்தனை பக்கம் போக முடியும்னு பாருங்க. அந்த நம்பரை அழுத்துங்க. அவ்வளவுதான்.”

ஒன்பது நாள் நடந்தோம். முதல் நாளே நான் ஒரு மதிலுக்கு முன்னால் நின்று ‘ஒன்று’ என்று அழுத்தினேன். முட்டுச்சந்து.

“என்னடா போட்ட?”

“ஒண்ணு. சுவரு இருக்குல்ல.”

“அழி. கண்ணு இருக்கா உனக்கு? இந்தப் பக்கம் ஃபாத்து அம்மா வீட்டு முத்தம். அந்தப் பக்கம் தையக்காரர் வீட்டுக் குளியலறை ஓரமாப் போனா பள்ளிவாசல். மூணு போடு.”

“அக்கா, அது வீடு.”

“போக முடியுமா முடியாதா?”

“முடியும்.”

“அப்பறம் என்ன?” என்றவள், காட்டுவதற்காகவே “ஹோடி!” என்று குரல் கொடுத்தாள். உள்ளேயிருந்து ஃபாத்து அம்மா, “கரிபு! மீன் இருக்கா?” என்றாள்.

“மீன் இல்ல. உன் வீட்டை எண்றோம்.”

“நல்லா எண்ணு. போன வாரம் ஒரு சட்டி காணாமப் போச்சு. சேஃபு பாக்கெட்லயும் பாரு.”

எனக்கு அந்த ஒன்பது நாளும் திருவிழா மாதிரி இருந்தது. அக்கா நடந்த நடை அப்படி. வாளி இல்லாத தலையை என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் மாமியார், எந்தத் தகரத்தைத் தூக்கினால் வழி, எல்லாம் விரல் நுனியில். சம்புசோவின் சின்னக் கதவையும் விடவில்லை. காவல்காரர் திறந்தார். “நாலு போடு” என்றாள்.

“அக்கா, இங்கேயா? கட்டில் போகலையே இதுல.”

அவள் கதவின் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். “கட்டில் போகுமான்னு அந்தப் பொண்ணு கேக்கல” என்றாள். பிறகு மெதுவாக, “வீட்டுக்கு விருந்தாளி வந்தா நல்ல தட்டைத்தானேடா எடுத்து வைப்போம்? இங்க ஒண்ணுமே இல்ல, எல்லாம் அடைஞ்சு கிடக்குன்னு எழுதினா எவன் வந்து ரோடு போடுவான்? இது உருப்படியான இடம்னு தெரியட்டும்.”

நான் நாலு அழுத்தினேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சந்திப்புகள். முட்டுச்சந்து ஏழே ஏழு. அந்த ஏழும் நாய் கடிக்கிற வீடுகள்.

நாலு மாதம் கழித்து வார்டு அலுவலகச் சுவரில் வரைபடத்தை ஒட்டினார்கள். சுற்றியுள்ள பேட்டைகள் எல்லாம் சிவப்பும் ஆரஞ்சுமாக எரிந்துகொண்டிருந்தன. நடுவில் எங்கள் மிகொரோஷினி மட்டும் கீரைக் கட்டு மாதிரி பச்சை. தௌசி அக்கா வாளியோடு நின்று, எழுத்துக்கூட்டி ஊர் பெயரைப் படித்து, “பாத்தியா! நம்மதான் முதல்ல!” என்று என் முதுகில் ஒன்று வைத்தாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முதல்லதான் தௌசி. நகரத்துலயே தெரு நல்லா இணைஞ்சிருக்கிற பேட்டை நம்மது. அதனால சாலை நமக்கு இல்ல. சிவப்பா இருக்கிற இடத்துக்கு.”

அவள் வாளியை இறக்கி வைத்தாள். வழியில் அவள் வாளியை இறக்கி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இரண்டு பேருந்து மாறி நகரத்து அலுவலகத்துக்குப் போனோம். அக்ரிப்பினா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, “உங்க பேட்டையைப் பத்தி எல்லாருக்கும் ஆச்சரியம்! படத்துல பாத்தா கூரையாத்தான் தெரியுது. நீங்க நடந்து பாத்ததால இவ்வளவு தெரு கிடைச்சுது” என்றாள்.

“தங்கச்சி, அது தெரு இல்லம்மா” என்றாள் அக்கா.

“பின்ன?”

“முத்தம்.”

அக்ரிப்பினா சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கணினியைத் திறந்து ஒரு புள்ளியைப் பெரிதாக்கினாள். “இது? மூணுன்னு போட்டிருக்கீங்க.”

“ஒண்ணு ஃபாத்து அம்மா அடுப்படி. ஒண்ணு தையக்காரர் குளியலறை ஓரம்.”

“இது?”

“சம்புசோ வீட்டுக் கதவு. காவல்காரர் திறப்பாரு.”

“ஐயோ அக்கா, அடுப்படியை ஏன் எண்ணினீங்க?”

“நீ என்ன கேட்ட? எத்தனை பக்கம் போக முடியும்னு கேட்ட. போக முடியும்.”

அந்தப் பெண் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவளைத் திட்டவும் முடியவில்லை. அவள் ஊரில் அடுப்படி வழியாக யாரும் போக மாட்டார்கள் போல. கடைசியில் அவள் சொன்னது இவ்வளவுதான்: கணக்கு மேலே போய்விட்டது, பட்டியலில் கையெழுத்து ஆகிவிட்டது, அடுத்த அளவை நாலு வருடம் கழித்து.

“நாலு வருஷம்” என்றாள் அக்கா, மீன் விலை கேட்ட மாதிரி. “அவருக்கு நாலு வாரம் இருக்கான்னே தெரியல.”

திரும்பி வரும்போது பேருந்தில் நான் இரண்டு கேலி சொன்னேன். இரண்டும் தரையில் விழுந்து கிடந்தன.

அன்று சாயங்காலம் கிப்வானா அண்ணன் ஜன்னலருகே படுத்திருந்தார். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் சம்புசோவின் மதில் நேராகத் தெரியும். முகம் எரிந்த செங்கல் மாதிரி இருந்தது, காய்ச்சலில். போனைக் கொடுக்கிற சாக்கில் நான் வாசலில் நின்றேன்.

“என்ன சொன்னாங்க தௌசி?” என்றார்.

அவள் உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. “வருவாங்க. சிவப்புக் குறி போட ஆள் வருவாங்க.”

சாலைக்காக இடிக்கப்போகும் சுவரில் அலுவலகத்து ஆட்கள் சிவப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போடுவார்கள். அதைப் பார்த்து மயங்கி விழுந்த வீட்டுக்காரர்கள் உண்டு. அந்தக் குறிக்காக ஏங்கிக் கிடந்த ஒரே வீடு இந்த வீடாகத்தான் இருக்கும்.

நான் இரண்டு நாள் தூங்கினேனா என்று கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பேட்டையே பள்ளிவாசலுக்குப் போயிருந்தது. சம்புசோ ஒரு சாவுக்கு ம்பேயா ஊருக்குப் போய் நாலு நாளாயிற்று. காவல்காரரும் தொழப் போய்விட்டார். மாமாவின் கடை ஷட்டருக்கு அடித்த சிவப்புப் பெயின்ட் பாதி டப்பா மிச்சம் இருந்தது. அவர் மதிலில் ஆளுயரத்துக்கு ஒரு குறி போட்டேன். நேராக, அழுத்தமாக, ஜன்னலுக்கு நேர் எதிரே. என் வாழ்க்கையில் இதுவரை செய்ததிலேயே நல்ல காரியம் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். அதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“சேஃபு! டேய் சேஃபு! பாத்தியா? போட்டுட்டாங்கடா!”

ஓடினேன். அண்ணன் இரண்டு கையையும் ஊன்றி, மேல் உடம்பை உயர்த்தி, மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

“இருபத்தொரு வரிசை கல்லு” என்றார். “ஒவ்வொண்ணும் நான் வச்சது. சிமென்ட்ல நான் திருடல. இடிக்க வர்றவன் கை வலிக்கப்போவுது, பாவம்.” சிரித்தார். “கண்ணாடி எடு. முகம் மழிச்சு விடு. வண்டி வாசலுக்கு வரும்போது காட்டுவாசி மாதிரியா போறது?”

மழித்துவிட்டேன். கன்னம் கொதித்தது. பிளேடை அலசிய தண்ணீரில் என் விரல் சிவப்பு கரைவதைப் பார்த்து, அவர் பார்ப்பதற்குள் வெளியே ஊற்றிவிட்டேன். அவர் மதிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு தௌசி அக்கா காலி வாளியோடு சின்னக் கதவு வழியாக வந்தாள். மதிலுக்கு முன்னால் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். வீட்டுக்குள் போனாள். உள்ளே அண்ணன் பேசுகிற சத்தம் கேட்டது. பிறகு என் கடைக்கு வந்தாள். நான் இருபது போன்களின் வயர்களை மும்முரமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

“பாத்தியா அக்கா? ஆபீஸ்காரங்க வந்துட்டுப் போயிருக்காங்க” என்றேன்.

“எப்ப?”

“மத்தியானம்.”

“ஜும்ஆ நேரத்துலயா?”

“அவங்க கிறிஸ்தவங்களா இருப்பாங்க.”

“எத்தனை பேரு?”

“மூணு... நாலு.”

“நாலு பேரு வந்து, குறிக்குக் கீழ நம்பரு போட மறந்துட்டாங்க.”

எனக்கு நம்பர் ஞாபகமே இல்லை. ஒவ்வொரு குறிக்குக் கீழேயும் ஒரு எண் எழுதுவார்கள். அந்த எண்ணைச் சொல்லித்தான் வீட்டுக்காரர்கள் வழக்குப் போடுவார்கள்.

“அடுத்த தடவை போடுவாங்களா இருக்கும்” என்றேன்.

“கையைக் காட்டு.”

நான் காட்டவில்லை. அவளே பிடித்துத் திருப்பினாள். நகக்கண்ணில் சிவப்பு இருந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“இன்னைக்குக் காலையில மீனுக்குப் போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட உண்மையைச் சொன்னேன்” என்றாள். அவள் குரல் உயரவில்லை. “ரோடு வராது, நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு. அழுதாரு. அப்பறம், சரி, எண்ணினவளே வந்து கூப்பிடுறா, திங்கட்கிழமை தூக்குங்க, கதவுக்கிட்ட கண்ணை மூடிக்கிறேன்னாரு. ஒரு மணி நேரம் ஆச்சுடா எனக்கு, அந்தச் சரியை வாங்க. இப்பப் போய்க் கேட்டா என்ன சொல்றாரு தெரியுமா? அது நேத்து வரைக்கும் உள்ள கதையாம். சுவரே போகப்போவுதாம். வண்டி வர்ற வரைக்கும் படுத்திருக்கேங்கிறாரு.”

அவள் பிடிக்காத கையால் வயர்களை ஒதுக்கி வைத்தேன்.

“நான் போய்ச் சொன்னா நம்பமாட்டாரு. ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போக நான் புளுகறேம்பாரு.” என் கையை அவள் இன்னும் விடவில்லை. “எழுந்திரு. இந்தக் கையோடவே வந்து நீ சொல்லு.”